ரெண்டு நூல் அகலம்

பழைய பங்களாவை லாட்ஜாக மாற்றினார்கள். அறைகளுக்கு வந்த புதுக் கதவுகள் நாற்பதும் பழைய நிலைச்சட்டங்களைவிட ரெண்டு நூல், அதாவது கால் அங்குலம், அகலம். அளவு கொடுத்தவர் இன்ஜினியர் துரைராசு.

"என் அளவு தப்பாது. இழைக்காம மாட்டு. இல்லேன்னா வெளியே போ!"

தச்சர் இசக்கிக்கு மூன்று மாதம் அலைந்து கிடைத்த வேலை அது. ஒரு கதவை மாட்டினார்.

"ஐயா, உள்ளேயிருந்து உங்க கையாலே சாத்திப் பாருங்க."

துரைராசு ஓங்கிச் சாத்தினார். கதவு நிலையில் இறுகிக்கொண்டது.

"இழைச்சுத் திறடா!"

"தப்பாத அளவாச்சே ஐயா, உளி வைக்கலாமா?"

"தப்பு என்னுதுதான்! திற!"

கூடியிருந்த வேலையாட்கள் சிரித்துக்கொண்டே முட்டித் திறந்தார்கள்.

பிறகு எல்லாக் கதவுகளையும் இழைத்தே மாட்டினார்கள். ஒவ்வொன்றும் பூப்போலச் சாத்திக்கொண்டது. இழைத்தவர்கள் வேறு தச்சர்கள். இசக்கியை மறுநாள் காலையிலேயே வாட்ச்மேன் வாசலில் மறித்துவிட்டார்.