ஆமை நடத்திய யோகா வகுப்பு

ஒரு காட்டில் இருந்த பெண்முயலுக்கு இடது பின்னங்கால் பிடித்துக்கொண்டது. நேராக ஓட முடிந்தது. வலப்பக்கம் வளைந்து ஓடவும் முடிந்தது. இடப்பக்கம் மட்டும் சட்டென்று திரும்ப வரவில்லை. மனிதர்களுக்கு இப்படி வந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடலாம். முயல் பிழைப்பதே திரும்பித் திரும்பி ஓடித்தான். அதிலும் இந்த முயலுக்குக் கள்ளிப்புதரில் மூன்று பச்சைக் குட்டிகள் இருந்தன.

ஒரு நாள் பெண்மயில் பறந்து வந்தது.

"முயலக்கா, சேதி தெரியுமா? குளத்துப் பாறையில ஆமை மாஸ்டர் யோகா வகுப்பு ஆரம்பிக்கிறாராம்! புதுசா வர்றவங்களுக்குத்தானாம்! ஒண்ணுமே தெரியாட்டியும் பரவாயில்லையாம்!"

"என் காலு சரியாகுமா?"

"ஏன் ஆகாது? என் கூட வா! முள்ளம்பன்றி அண்ணனும் வருது!"

மறுநாள் விடிந்ததும் மூன்றும் பாறைக்குப் போயின. அங்கே கடைசி வரிசையில் நரி உட்கார்ந்திருந்தது! மயில் பின்னால் தாவியது. முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்தது. முயலுக்கு ஓடக்கூடத் தோன்றவில்லை.

"பயப்படாதீங்க!" என்றது ஆமை. "அவரும் உங்களை மாதிரி புதுசா சேர்ந்தவர்தான். பாறை மேல யாரையும் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்காரு."

"ஆமாங்க," என்றது நரி பணிவாக. "குழியில விழுந்து முதுகு போயிடுச்சு. குனிய முடியலை, பாய முடியலை. முதுகு சரியானாப் போதும் எனக்கு."

நரி சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதை மறந்துவிடாதீர்கள்.

ஆமை கழுத்தை நீட்டிக்கொண்டு பேசத் தொடங்கியது. முன்னால் நாலு பேர் உட்கார்ந்தால் அதற்குக் கழுத்து இன்னும் கொஞ்சம் நீளும்.

"ரெண்டே விதி! வகுப்புக்கு வெறும் வயித்துல வரணும். உடம்புல இருக்கிற கோளாறை மறைக்கக் கூடாது. மறைச்சுட்டு வளைச்சா முறிஞ்சிடும்! ஒவ்வொருத்தரா எழுந்து சத்தமாச் சொல்லுங்க, பார்ப்போம்!"

மயில்தான் முதலில் எழுந்தது.

"எனக்கு எடது கண்ணு மங்கிடுச்சுங்க மாஸ்டர். அந்தப் பக்கம் யானை வந்தாலும் தெரியாது!"

தன் குறையைச் சொல்லும்போதுகூட மயிலுக்குக் கொஞ்சம் பெருமை. அடுத்து முள்ளம்பன்றி எழுந்தது.

"வலப்பக்கம் முள்ளெல்லாம் உதிர்ந்து போச்சுங்க. புதுசு இன்னும் முளைக்கலை. பனி நேரத்துல ரொம்பக் குளிருது."

முயல் தயங்கியது.

"மாஸ்டர், உங்க காதுல மட்டும் சொல்லட்டுங்களா?"

ஆமை சிரித்தது. "காதுலயா? அப்படி என்ன ரகசியம்? மனசை மூடி வச்சா உடம்பு எப்படித் திறக்கும்? இங்க எல்லாரும் ஒரே குடும்பம்! வெளிப்படையாச் சொல்லு!"

இதைச் சொன்னது யார்? பிறந்த நாளிலிருந்து ஓட்டுக்குள் குடியிருக்கும் பிராணி!

முயலுக்கு வெட்கமாகிவிட்டது. சேர்ந்த முதல் நாளே முரண்டு பிடிப்பதாகப் பெயர் வாங்க வேண்டாம் என்று நினைத்தது.

"இடது பின்னங்கால்ங்க. அந்தப் பக்கம் திரும்ப முடியலை. குளத்துக்குக் கிழக்கே கள்ளிப்புதர்ல மூணு குட்டி இருக்கு. அதுங்களுக்காகத்தான் வந்தேன்."

"ஐயோ பாவம்!" என்றது நரி பின்னாலிருந்து. "குட்டிங்களை வச்சிக்கிட்டுக் கஷ்டம்தான்!"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை அந்தப் பாறையில் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. பிறகு நரியின் முறை வந்தது. அது சொல்ல வேண்டியதை ஏற்கெனவே சொல்லிவிட்டது. அது இரைதேடும் பிராணி. முதுகு வலியை ஊரறியச் சொன்னால் அதற்கு ஒரு நஷ்டமும் இல்லை.

வகுப்பு நன்றாகத்தான் நடந்தது. அதைக் குறை சொல்லக் கூடாது. ஆமைக்கு வித்தை தெரியும். மயில் ஒற்றைக் காலில் நின்று எல்லோரையும் ஏளனமாகப் பார்த்தது. முள்ளம்பன்றி குனியும்போதெல்லாம் பக்கத்தில் இருந்தவர்களைக் குத்தியது. முயல் பல்லைக் கடித்துக்கொண்டு காலை நீட்டி மடக்கியது. நாளாக ஆக வலி குறைந்தது. குட்டிகளும் பால் போதாமல் புல் கடிக்கத் தொடங்கின.

எல்லோரையும்விட நரிதான் கருத்தாகப் பழகியது. பாம்பைப்போல் படுத்துத் தலையைத் தூக்கியது. வில்லைப்போல் வளைந்தது.

"நரியாரைப் பாருங்க! பழகினா இப்படிப் பழகணும்!" என்று ஆமை வாய் ஓயாமல் புகழ்ந்தது.

ஒரு நாள் காலை மயில் வரவில்லை.

"அன்னைக்கே நினைச்சேன்!" என்றது ஆமை. "புதுசாச் சேர்றவங்க கதையே இதுதான். நாலு நாள் வருவாங்க, அப்புறம் சோம்பல் வந்துடும்!"

அன்று நரியால் குனிய முடியவில்லை. வயிறு முட்டியிருந்தது.

"என்ன நரியாரே! சாப்பிட்டுட்டா வந்தீங்க? முதல் விதியையே மறந்துட்டீங்களே!"

"மன்னிச்சுக்குங்க மாஸ்டர்! இனிமே வகுப்பு முடிஞ்சதும் சாப்பிடறேன்!"

சில நாள் கழித்து, ஒரு காலையில் முயல் பாறைக்கு வந்துகொண்டிருந்தது. வழியில் முள்ளம்பன்றி கிடந்தது. முந்தின நாள் வகுப்பு முடிந்து வீடு திரும்பும் வழியிலேயே அதன் கதை முடிந்திருந்தது. இடப்பக்கத்து முட்களில் ஒன்றுகூடக் கலையவில்லை. வலப்பக்கம் மட்டும் கிழிந்திருந்தது.

வலப்பக்கம் முள் இல்லை என்பது யாருக்குத் தெரியும்? பாறையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். மயிலை நரி எந்தப் பக்கமாக வந்து பிடித்திருக்கும் என்பதும் முயலுக்கு இப்போது விளங்கியது. மாஸ்டர் ஏதாவது செய்வார் என்று நம்பிப் பாறைக்கு ஓடியது. அங்கே ஆமையும் நரியும் மட்டும் இருந்தன.

"மாஸ்டர்! நரிதான் மயிலைக் கொன்னுச்சு! முள்ளம்பன்றி அண்ணனையும் கொன்னுடுச்சு! நாங்க இங்க சொன்னதை வச்சே கொன்னுடுச்சு!"

"என்ன உளர்றே? பாறை மேல அவரு ஒரு எறும்பைக்கூட மிதிச்சதில்லையே!"

"சரியாச் சொன்னீங்க மாஸ்டர்," என்றது நரி. "சத்தியத்தை நான் மீறவே இல்லை. முதுகுக்காகத்தான் வந்தேன். யார் குறையையும் நான் கேக்கலை. நீங்க கேட்டீங்க, அவங்க சொன்னாங்க. எனக்குக் காது இருந்துச்சு, அவ்வளவுதான்!"

பிறகு அது நிதானமாகப் பாறையை விட்டு இறங்கியது.

"முயலே, நீ இங்கேயே பத்திரமா இரு. நான் கிழக்கே அந்தக் கள்ளிப்புதர் வரைக்கும் போயிட்டு வர்றேன்!"

"மாஸ்டர்! ஏதாவது பண்ணுங்க! என் குட்டிங்க!"

ஆமையின் தலை ஓட்டுக்குள் போனது. கால்களும் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

"நான் யோகா சொல்லிக் குடுக்கறவம்மா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இதெல்லாம் எனக்குப் பழக்கமில்லை."

முயல் அதற்குமேல் கெஞ்சவில்லை. பாறையிலிருந்து குதித்து, நரியின் மூக்குக்கு முன்னாலேயே மேற்குப் பக்கமாக ஓடியது. கிழக்கே திரும்பியிருந்த நரி அதைத் துரத்தியது. நேர்ப்பாதை இருந்தவரை நரியால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. கறையான் புற்றுக்குப் பக்கத்தில் பாதை இடப்பக்கம் திரும்பியது.

முயலின் கால் எவ்வளவோ தேறியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் பழகியிருந்தால் அந்தத் திருப்பத்தைத் தாண்டியிருக்கும். நரியின் முதுகோ முழுதாகவே தேறியிருந்தது.

முயலின் அலறல் கள்ளிப்புதர் வரை கேட்டது. குட்டிகள் மூன்றும் ஆளுக்கொரு திசையில் சிதறி ஓடின.

மழைக்காலம் முடிந்தது. குளத்துப் பாறையில் ஆமை மறுபடியும் கழுத்தை நீட்டிக் கூவிக்கொண்டிருந்தது.

"புதுசா சேர்றவங்க வரலாம்! ஒண்ணுமே தெரியாட்டியும் பரவாயில்லை!"

கடைசி வரிசையில் நரி கண்ணை மூடிச் சம்மணமிட்டிருந்தது. அந்த வழியாக ஓர் இளமுயல் நொண்டிக்கொண்டு வந்தது. அதன் பாதத்தில் முள் ஏறியிருந்தது.

"குட்டி! காலுக்கு என்ன ஆச்சு? வெளிப்படையாச் சொல்லு, சரி பண்ணிடலாம்!"

இளமுயல் ஆமையைப் பார்த்தது. பிறகு கடைசி வரிசையைப் பார்த்தது.

"ஒண்ணுமில்லைங்க மாஸ்டர்," என்றது. முள் ஏறிய காலை அழுத்தி ஊன்றி, பாறை கண்ணுக்கு மறையும்வரை நொண்டாமல் நடந்துபோனது.

குறையைத் தீர்ப்பவர் காதில் சொன்னால் நமக்கு மருந்து கிடைக்கும். ஓடு உள்ளவர் கேட்டார் என்று சபையில் சொன்னால் பகைவனுக்கு வழி கிடைக்கும்.