தாணுமாலயனின் சிவப்புப் பூட்டு

இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல உட்காருபவர் முதலில் ஒரு பூட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரசாயன ஆலைகளில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய கலனுக்குள் ஆள் இறங்கிப் பழுது பார்க்கும்போது, அதற்கு வாயு வரும் குழாயின் வால்வை மூடிச் சங்கிலி சுற்றுவார்கள். இறங்குகிற ஒவ்வொருவரும் அந்தச் சங்கிலியில் தன் பூட்டை மாட்டிச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வார். வெளியே வந்ததும் அவரே கழற்றுவார். ஒரு பூட்டு மிச்சமிருந்தாலும் வால்வைத் திறக்க முடியாது. பூட்டு தொங்கினால் உள்ளே ஓர் உயிர் இருக்கிறது என்று பொருள்.

நாகர்கோவில் தாணுமாலயன் கெமிக்கல் இன்ஜினியர். மகள் கோமதி பிறந்தபோது நார்வேயில் இருந்தார். அவள் சடங்கானபோது டிரினிடாட்டில். எந்த நாட்டில் இருந்தாலும் வாரம் தவறாமல் வீட்டுக்குப் போன் போட்டு, "இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று கேட்பார். கேட்டுவிட்டுக் கேண்டீன் ரொட்டியைச் சாப்பிடப் போவார். கோமதிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது ஓமானில் ஓர் உர ஆலையில் இருந்தார்.

"தாரை வாத்துக் குடுக்கது இந்தக் கைதான் மக்கா. அதுல மாத்தமில்ல" என்றார் போனில்.

"சும்மா சொல்லாதீங்கப்பா. நம்பிருவேன்" என்றாள் கோமதி.

ஆலையில் பழுது வேலை நடந்துகொண்டிருந்ததால், முகூர்த்தத்துக்கு முந்தின நாள்தான் லீவு கிடைத்தது. அன்று காலை குர்னாம் என்ற வெல்டர் புதிதாக வந்து சேர்ந்தான். அவனுக்கு இன்னும் பூட்டு தரப்படவில்லை. "இன்றைக்கு என் பூட்டே உனக்கும் சேர்த்து" என்று சொல்லி, தாணுமாலயன் தன் சிவப்புப் பூட்டை மாட்டி அவனை உள்ளே அனுப்பினார். மதியம் வேலையை ஜெபராஜிடம் ஒப்படைத்துவிட்டு அவசரமாக உடை மாற்றிக்கொண்டு விமான நிலையம் போனார். ஜெபராஜ் சாத்தான்குளத்துக்காரர். ஒன்பது வருடமாகத் தாணுமாலயன் கூடவே இருந்து தொழில் பழகிய இன்ஜினியர்.

விமான நிலையச் சோதனைத் தட்டில் பையிலிருந்த சில்லறையைக் கொட்டும்போதுதான் தாணுமாலயன் அதோடு பூட்டின் சாவியைப் பார்த்தார். கைபேசி பரவாத காலம். அங்கிருந்த போனுக்கு ஓடினார்.

"ஜெபா, என் பூட்டு தொங்குதா?"

"தொங்குது சார். மத்ததெல்லாம் கழட்டியாச்சு. நீங்கதான் மறந்துட்டுப் போயிட்டீங்கன்னு மேனேஜர் கட்டரோட வந்து நிக்காரு. வெட்ட விடாம நான் குறுக்க நிக்கேன். வையிறாரு சார்."

"குர்னாம் வெளிய வந்துட்டானா?"

"யாரு சார் அது?"

தாணுமாலயன் காலையில் நடந்ததைச் சொன்னார்.

மேலாளர் சாலிம் போனை வாங்கினார். கலனின் வாயிலிருந்து டார்ச் அடித்துத் தாமே பார்த்துவிட்டதாகவும், குரல் கொடுத்ததாகவும், உள்ளே யாருமில்லை என்றும், பூட்டை வெட்டப் போவதாகவும் சொன்னார். அந்தக் கலனுக்குள் அடுக்கடுக்காகத் தட்டுகள் உண்டு. மேல் தட்டுக்குக் கீழே டார்ச் வெளிச்சம் இறங்காது. மயங்கிக் கிடப்பவன் குரலுக்குப் பதில் சொல்லவும் மாட்டான்.

ஜெபராஜ் போனைத் திரும்ப வாங்கினார். "சார், உங்க டிரைவர் வெளியதான நிப்பாரு. சாவியை அவர்கிட்ட குடுத்தனுப்புங்க. நான் என் பூட்டைப் பக்கத்துல மாட்டிட்டு, உள்ள எறங்கி, கடைசித் தட்டு வரைக்கும் பாத்துட்டு வர்றேன். அப்புறம் திறக்கேன். நீங்க கோமதி கல்யாணத்துக்குப் போங்க."

"பூட்டு போட்டவன்தான் திறக்கணும் ஜெபா" என்றார் தாணுமாலயன். வீட்டுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு, டிரைவரின் வண்டியிலேயே ஆலைக்குத் திரும்பினார்.

தாமே உள்ளே இறங்கிக் கடைசித் தட்டு வரை பார்த்தார். யாருமில்லை. தொழிலாளர் விடுதியில் குர்னாம் போர்த்திக்கொண்டு தூங்கினான். தலைவலி என்று மதியமே யாரிடமும் சொல்லாமல் ஏறி வந்துவிட்டானாம். தாணுமாலயன் கலனுக்குத் திரும்பி வந்து பூட்டைக் கழற்றினார். விமானம் அதற்குள் போய்விட்டது.

அடுத்த விமானம் மறுநாள் காலை. நாகர்கோவிலில் அதே நேரம் முகூர்த்தம். கோமதியின் தாய்மாமன் தாரை வார்த்துக் கொடுத்தார். தாணுமாலயன் மண்டபத்துக்குள் நுழைந்தபோது வாசலில் வாழைமரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்படாமல் கோமதி மணக்கோலத்தில் காத்திருந்தாள்.

மனைவி பகவதி, "பூட்டத் தொறந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள்.

கோமதி கேட்டாள்: "அந்த ஆளு சொகமா இருக்காராப்பா?"

"தூங்கிட்டுக் கெடந்தான் மக்கா."

"ஜெபா மாமா அங்க இல்லையா?"

"இருந்தான்."

கார் வந்துவிட்டது.

உடனே வெட்டச் சொன்னார் சாலிம். சாவியை அனுப்பச் சொன்னார் ஜெபராஜ். தாமே திரும்பிப் போனார் தாணுமாலயன். மூவரில் யார் வழி சரி?

விடை: சாலிமின் வழி தவறு. உள்ளே ஆள் இல்லாமல் போனது அவருடைய அதிர்ஷ்டம். அதை வைத்து அவருக்கு நியாயம் சொல்ல முடியாது. தாணுமாலயன் திரும்பிப் போனதை ஆலையில் எல்லோரும் மெச்சினார்கள். ஆனால் பூட்டை மறந்தது அவருடைய பிழை. அங்கே போய் அவர் செய்ததில் ஜெபராஜால் முடியாதது ஒன்றுமில்லை. குர்னாம் என்று ஒருவன் இருப்பதே தெரியாதபோதும், பூட்டு தொங்குகிறது என்ற ஒரே காரணத்துக்காக மேலாளரின் வசவை வாங்கிக்கொண்டு குறுக்கே நின்றவர் அவர். பார்க்காமல் திறக்கக்கூடிய ஆள் அல்ல. அது தாணுமாலயனுக்கும் தெரியும். ஆகவே ஜெபராஜின் வழியே சரி. நாலைந்து முறை மட்டுமே பார்த்த ஒரு பையனிடம் மகளின் கையை ஒப்படைக்கக் கிளம்பிய மனிதர், ஒன்பது வருடம் தாமே பழக்கிய ஒருவரிடம் ஒரு சாவியை ஒப்படைக்க மாட்டேன் என்றுவிட்டார்.