முதல் மடக்கு ஈக்கு

அந்தக் காலத்தில், ஈ எறும்பு முதல் யானை வரை எல்லா உயிரும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு மலைச்சரிவில் இரண்டு ஊர்கள் இருந்தன. மேலே இருந்தது கல்லடுக்கு. கீழே இருந்தது நீர்முள்ளி. இரண்டுக்கும் ஒரே ஓடை. அந்த ஓடைத் தண்ணீருக்காகத்தான் சண்டை வந்தது. மண்டைகள் உடைந்தன. கடைசியில் இரண்டு ஊருக்கும் நடுவே இருந்த பாதையை முள் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்கள்.

கல்லடுக்கில் காராயி என்று ஒருத்தி இருந்தாள். கேழ்வரகில் கள் ஆக்குவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவளுடைய ஒரே தங்கை பூவாயியை நீர்முள்ளியில்தான் கட்டிக்கொடுத்திருந்தது. முள் விழுந்து மூன்று வருஷம் ஆயிற்று. தங்கைக்குப் பிள்ளை பிறந்ததாக ஒரு மைனா சொல்லித்தான் காராயிக்குத் தெரியும். ஆணா பெண்ணா என்று கேட்பதற்குள் மைனா பறந்துவிட்டது.

நான்காம் வருஷம் ஓடை நூலாக மெலிந்தது. சண்டை போடக்கூடத் தண்ணீர் இல்லை என்று ஆனபிறகு, இரண்டு ஊர்த் தலைவர்களும் ஓடைப்பாறையில் உட்கார்ந்து பேசினார்கள். முறை வைத்துத் தண்ணீர் விடலாம், பௌர்ணமியன்று பகலில் இரண்டு ஊரும் ஒரே பானையில் குடித்து ஒன்றாகலாம் என்று முடிவாயிற்று.

எந்த ஊர்க் கள் என்ற கேள்வி உடனே வந்தது.

"எங்க கள்ளுதான்" என்றார் கல்லடுக்குத் தலைவர் கொடுவன்.

"உங்க கசப்பை எங்க ஆளு எவன் குடிப்பான்?" என்றார் நீர்முள்ளித் தலைவர் நஞ்சன்.

"உங்க தித்திப்பைக் குடிச்சா எங்க ஆளுக்கு ஓங்கரிக்கும்."

கேழ்வரகு இரண்டு ஊரிலும் ஒன்றுதான். ருசி வேறாவது மண்டியால். பானை அடியில் தங்கும் மண்டியை எடுத்து வைத்து அடுத்த கூழில் கலந்தால்தான் கூழ் நுரைத்துக் கள்ளாகும். ஒவ்வொரு ஊரும் தன் மண்டியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தது. அதனால் இப்படித் தீர்ப்பானது: இவர்கள் மண்டியும் வேண்டாம், அவர்கள் மண்டியும் வேண்டாம். இரண்டு ஊர் நாக்கும் அறியாத ஒரு புதுக் கள் வேண்டும். அதைக் காராயி ஆக்க வேண்டும். ஆக்க முடியாவிட்டால் முள் அப்படியே கிடக்கும்.

பௌர்ணமிக்கு இருபது நாள் இருந்தது. காராயி கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, திரித்து, கூழ் காய்ச்சி ஐந்து சட்டிகளில் ஊற்றினாள். ஒன்றில் இலுப்பைப் பூவைப் போட்டாள். ஒன்றில் நாவல்பழத் தோல். ஒன்றில் ஈச்சங்கள் ஒரு கரண்டி. ஒன்றில் மரப்பட்டை. கடைசிச் சட்டியில் ஒன்றுமே போடவில்லை, என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று. ஐந்தையும் துணி கட்டி, துணிமேல் களிமண் பூசி, சுற்றி வந்த சின்ன ஈக்களைத் துடைப்பத்தால் விரட்டிக்கொண்டே இருந்தாள்.

ஆறாம் நாள் திறந்தாள். இலுப்பைப் பூச் சட்டி வாசம் பிடித்திருந்தது, ஒரு வாய் குடித்ததும் தலை கனத்தது. நாவல்தோல் காடியாகப் புளித்துவிட்டது. ஈச்சங்கள் போட்டது அவசரமாகப் பொங்கி அவசரமாகவே அடங்கிச் சப்பென்று இருந்தது. பட்டைச் சட்டி அசையவேயில்லை. ஒன்றும் போடாத சட்டியில் பூனை முடிபோலப் பூசணம் பூத்திருந்தது. அதோடு விடாமல் இலுப்பையையும் ஈச்சங்கள்ளையும் சேர்த்துப் பார்த்தாள். அளவைக் கூட்டினாள், குறைத்தாள். எல்லாம் வாசலில் கொட்டத்தான் ஆயிற்று.

பௌர்ணமிக்கு ஆறு நாள் இருக்கையில் அவளிடம் ஒரு பானைக்கு மட்டுமே மாவு மிச்சம். அதைக் காய்ச்சி ஆற வைத்து, என்ன போடுவது என்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தங்கையின் பிள்ளைக்கு இந்நேரம் நடை வந்திருக்கும் என்று நினைத்ததும் அழுகை முட்டியது.

அப்போது பானை விளிம்பில் ஒரு சின்ன ஈ வந்து உட்கார்ந்தது. எள்ளில் பாதிகூட இருக்காது. காராயி துடைப்பத்தை எடுத்தாள்.

"இரு இரு. அடிக்கிறதுக்கு முன்னால ஒரு சொல்லு கேளு" என்றது ஈ. "பூவைப் போட்டே, தோலைப் போட்டே. அதையெல்லாம் தின்னு பாத்தவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"உனக்கு என்னடி தெரியும்?"

"இந்த மலையில எந்தப் பழம் எப்போ நுரைக்கும்னு எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? எங்க காலுல மாவு மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டு வரும். உன் கண்ணுக்குத் தெரியாது. அதுதான் நுரையைக் கட்டுது. பழத்துக்குப் பழம் அது வேற. ஓடைக்கரை அத்தியில இருக்கிறது சாது. புளிக்காது, பொங்கிக் கெடுக்காது. பானையை அந்த மரத்தடியில திறந்து வை. நாங்க நடந்துட்டுப் போறோம்."

"ஈ மொய்ச்ச கள்ளை ஊருக்குக் கொடுக்கவா?"

"கொட்டின கள்ளைக் கொடுக்கப் போறியா?"

காராயிக்கு உடம்பு கூசியது. இருப்பது ஒரே பானை, இதுவும் போனால் வேறு வழியில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அத்திமரத்துக்குப் போனாள்.

கீழே விழுந்து வெடித்த சிவப்புப் பழங்களிலிருந்து ஈக்கள் எழுந்து வந்தன. விளிம்பில் நடந்தன, கூழில் கால் வைத்தன. காராயி கைகளை மடியில் கட்டிக்கொண்டு, பொழுது சாயும் வரை ஒன்றையும் விரட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் பானையில் காதை வைத்தாள். உள்ளே யாரோ கிசுகிசுப்பது போலிருந்தது. நான்காம் நாள் ஒரு துளி நாக்கில் வைத்தாள். முதலில் பழுத்த அத்தியின் வாசம், அப்புறம் லேசான துவர்ப்பு, கடைசியில் ஒரு சின்னக் கசப்பு. வடிகட்டி, இன்னொரு துளி வைத்துப் பார்த்தாள். தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

பௌர்ணமியன்று இரண்டு ஊரும் ஓடைப்பாறையில் கூடின. கூட்டத்தில் பூவாயி இடுப்பில் ஒரு பெண்குழந்தையோடு நிற்பதைக் காராயி பார்த்தாள். ஆனால் குடிக்கும்வரை யாரும் ஓடையைத் தாண்டக்கூடாது என்பது பேச்சு. பானையைத் திறந்து சுரைக்குடுக்கையில் ஊற்றினாள்.

கொடுவன் கை நீட்டினார். நஞ்சனும் கை நீட்டினார்.

"மேலூருக்குத்தான் முதல் மடக்கு. தண்ணி எங்ககிட்ட இருந்துதானே இறங்குது!" என்றார் கொடுவன்.

"இதுக்காகத்தான் கூப்பிட்டீங்களா? கெளம்புங்கடா" என்றார் நஞ்சன். அவருக்குப் பின்னால் தடிகள் உயர்ந்தன. இந்தப் பக்கமும் கல்லுக்குக் குனிந்தார்கள்.

காராயிக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, குடுக்கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு தேக்கிலையைப் பறித்துப் பாறைமேல் போட்டு, அதில் முதல் மடக்கை ஊற்றினாள்.

"ஏ ஈயே, வா. இது உன் கள்ளு. முதல்ல நீ குடி" என்றாள்.

ஈ வந்து இலை ஓரத்தில் உட்கார்ந்து, சாவகாசமாகக் குடித்து, காலைத் தேய்த்துக்கொண்டது.

"நல்லாருக்கு" என்றது.

யாரோ ஒருவர் சிரித்தார். யார் என்று தெரியவில்லை, எந்தப் பக்கம் என்றும் தெரியவில்லை. சிரிப்பு இரண்டு கரையிலும் பரவியது. ஈக்குப் பின்னால் குடிப்பதில் மானம் போக ஒன்றுமில்லை. கொடுவன் குடுக்கையை வாங்கி நஞ்சனிடமே நீட்டினார்.

பூவாயி தண்ணீரில் இறங்கி ஓடிவந்தாள். அந்தக் குடுக்கையிலேயே ஒரு வாய் குடித்தாள்.

"அக்கா, இது நம்மூரு ருசியும் இல்ல, நீர்முள்ளி ருசியும் இல்ல" என்றாள். காராயி குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அது அவள் காதைப் பிடித்து இழுத்தது.

மறுநாள் இரண்டு ஊர்ப் பெண்களும் சேர்ந்து பாதையின் முள்ளை அள்ளி எரித்தார்கள்.

காராயி கொடுத்தது ஒருநாள் மரியாதைதான். ஈக்கள் அதை என்றைக்குமான உரிமையாக எடுத்துக்கொண்டன. பேச்சு மறந்துபோய் எத்தனையோ காலம் ஆகியும் அதை மட்டும் மறக்கவில்லை. வீட்டில் பழம் கனிந்தாலும், கள்ளுப்பானை திறந்தாலும், நாம் வாய் வைக்குமுன் எங்கிருந்தோ ஒரு சின்ன ஈ வந்து விளிம்பில் உட்கார்ந்து காலைத் தேய்க்கிறதே, ஓடைப்பாறையில் அந்த இலையில் குடித்த நாளிலிருந்துதான் அதற்கு அந்தப் பழக்கம்.