கடிவாளம் ஏற்காத குதிரை

முன்னே முன்னே, மலைகளுக்கு இன்னும் யாரும் பெயர் வைத்திராத காலத்தில், ஏழாற்றூர் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அதை ஆண்டவர் மகரபூபதி. அவருக்குக் குதிரை என்றால் உயிர். லாயத்தில் முந்நூறு குதிரை. முந்நூறு குதிரைக்கும் முந்நூறு கடிவாளம். முந்நூறும் ஒரே உலையில் அடித்தவை. அந்த உலைக்குச் சொந்தக்காரி வெயிலாள்.

வெயிலாளுக்கு நாற்பது வயதிருக்கும். கை உலக்கை மாதிரி. விரல் மட்டும் பூத்தொடுக்கிறவள் விரல் மாதிரி. எதைப் பார்த்தாலும் ‘இது ஏன் இப்படி?’ என்று கேட்காமல் அவளால் நகர முடியாது. சந்தைக்கு உப்பு வாங்கப் போனவள், மழைநாளில் உப்புக்கு ஏன் வியர்க்கிறது என்று கேட்டுக்கொண்டே நின்று, உப்பு வாங்காமல் திரும்பி வந்தது ஊருக்கே தெரியும்.

வேலையில் அவளுக்கு ஒரு வழக்கம். குதிரையின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்க்காமல் இரும்பைத் தொடமாட்டாள். குதிரை வாயைப் பார்த்திருக்கிறீர்களா? முன்னால் ஒரு வரிசைப் பல். உள்ளே, கடைவாயில், அரைக்கிற பல். நடுவில், இரண்டு பக்கமும், வெறும் ஈறு. வீடே இல்லாத தெரு மாதிரி. கடிவாளத்தின் இரும்பு அந்தத் தெருவில்தான் குடியிருக்க வேண்டும். தெரு நாலு விரல் நீளமா, மூன்று விரலா? ஈறு மெல்லிசா, தடிப்பா? நாக்கு எவ்வளவு பெரிசு? மெல்லிய ஈறுக்குத் தடித்த இரும்பு வேண்டும். ஒல்லி இரும்பு அறுத்துவிடும். பெரிய நாக்குக்கு நடுவில் வளைத்த இரும்பு வேண்டும். இல்லாவிட்டால் நாக்கு நசுங்கும். இத்தனையையும் விரல்தான் சொல்லும்.

“முதல்ல வாயைக் கேட்கணும். அப்புறம்தான் இரும்பை அடிக்கணும்” என்பாள் வெயிலாள்.

ஒருநாள் காலையில் கோட்டை வாசலுக்கு ஒரு குதிரை வியாபாரி வந்தான். பெயர் காற்றன் என்றான். நெட்டையான ஆள். புழுதிக்குப் பயந்தவன்போல் மூக்குக்குக் கீழே ஒரு துணி கட்டியிருந்தான். பேசும்போதும் அதை எடுக்கவில்லை. கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் ஒரு குதிரை. புளிபோட்டுத் துலக்கிய செம்புக்குடத்தின் நிறம். அது கழுத்தைத் திருப்பியபோது வாசலில் நின்றவர்களெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

மகரபூபதி செருப்புப் போட மறந்து படியிறங்கி ஓடிவந்தார். என்ன விலை என்று கேட்டார். பொன் வேண்டாம், முத்து வேண்டாம், ஊர் வேண்டாம் என்றான் காற்றன். அரண்மனைக் குதிரைகள் மேய்கிற ஆற்றங்கரைப் புல்வெளி மட்டும் போதும் என்றான். ஆனால் ஒரு நிபந்தனை. மூன்று நாளைக்குள், ஊரார் பார்க்க, அந்தக் குதிரைக்குக் கடிவாளம் பூட்ட வேண்டும்.

“இரும்பு வாயில் உட்கார்ந்த அந்த நொடியிலிருந்து குதிரை என்றென்றைக்கும் உங்களுடையது, ராஜா. புல்வெளி என்றென்றைக்கும் என்னுடையது. மூன்றாம் நாளும் வாயைத் திறக்காவிட்டால் இதைப் பூட்டுங்கள். இதற்குத் திறக்காத வாய் கிடையாது.”

சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தான். முள் கடிவாளம். ரம்பத்துக்கு இருப்பதுபோல் இரும்பு முழுக்கப் பல். அதை வாங்கிய லாயத்துத் தலைவனுக்கே முகம் சுளித்தது. மந்திரிமாருக்கோ சிரிப்பு. இப்பேர்ப்பட்ட குதிரையைக் கொடுத்துவிட்டுப் புல்லைக் கேட்கிறானே என்று ஒருவர் காதை ஒருவர் கடித்தார்கள்.

வெயிலாளுக்கு ஆள் போயிற்று. வந்தாள், பார்த்தாள், வாயைத் திறக்கக் கையை நீட்டினாள். காற்றன் குறுக்கே வந்து நின்றான். பொல்லாத குதிரை, கடித்துவிடும், கண்ணளவில் பார்த்து அடித்தால் போதும் என்றான். அவள் ராஜாவைப் பார்த்தாள். ராஜாவோ குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த ஒரு தடவை கண்ணாலேயே அடி, வெயிலா. எனக்குப் பொறுக்கவில்லை” என்றார்.

அடித்தாள். பத்து வருஷமாகச் செய்யாத தப்பை அன்றைக்குச் செய்தாள்.

முதல் நாள், வழுவழுவென்று தடித்த இரும்பு. குதிரை பல்லை இறுக்கிக்கொண்டது. நாலு பேர் பிடித்தார்கள், எட்டுப் பேர் பிடித்தார்கள். குதிரை வாயைத் திறக்கவில்லை.

இரண்டாம் நாள், நடுவில் வளைத்த செம்பு. அதன்மேல் வெல்லப்பாகு தடவி எடுத்து வந்தாள். குதிரையின் உதடு விலகிற்று. நாக்கு நுனி வெளியே வந்து வெல்லத்தைத் தொட்டது. இதுதான் சமயம் என்று லாயத்துத் தலைவன் செம்பைப் பக்கவாட்டில் தள்ளினான். ‘ணங்’ என்று ஒரு சத்தம். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. குதிரை உதைக்கவில்லை, கடிக்கவில்லை. கண்ணில் நீர் வழிய நின்றது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

மகரபூபதி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் ஆசை விடவில்லை. நாளை உச்சிவேளைக்குள் மூன்றாவது கடிவாளம் பூட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் முள் கடிவாளம்தான் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வெயிலாள் செம்பை வீட்டுக்கு எடுத்துவந்து கழுவினாள். கழுவக் கழுவ ரத்தம் போயிற்று. அந்தச் சத்தம் மட்டும் காதைவிட்டுப் போகவில்லை. செம்பு போய் மோதியது வாயின் பக்கவாட்டில். அங்கே வெறும் ஈறல்லவா இருக்க வேண்டும்? ஈறில் செம்பு பட்டால் சத்தம் வராதே. அப்படியானால் ‘ணங்’ என்று எது சொல்லிற்று?

மூன்றாம் நாள் விடிந்ததும் லாயத்துக்குப் போனாள். காற்றன் அங்கே இல்லை. தனக்கு வரப்போகும் புல்வெளியைப் பார்க்க ஆற்றங்கரைக்குப் போயிருந்தான். அவள் குதிரைக்கு எதிரே நின்று, வெறுங்கையை விரித்துக் காட்டினாள்.

“தப்பு என்னோடதுதான். கேட்காம அடிச்சேன். இப்போ கேட்கிறேன். வாயைக் காட்டுவியா?”

நாலு பேருக்கும் எட்டுப் பேருக்கும் திறக்காத வாய் தானாகத் திறந்தது. வெயிலாள் விரலை விட்டாள். முன்பல் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு பல். அதை ஒட்டி இன்னொரு பல். அதை ஒட்டி இன்னொன்று. வீடில்லாத தெருவே அங்கே இல்லை. சுவரோடு சுவராகக் கடைசிவரை வீடு. அவளை அறியாமல் அவள் நாக்கு அவளுடைய பல்வரிசையைத் தடவிக்கொண்டு போயிற்று. அதே கணக்கு. அதே வளைவு.

அவள் வைக்கோல்மேல் மெல்ல உட்கார்ந்தாள். ஓடிப்போகத்தான் தோன்றியிருக்க வேண்டும். அவளுக்கு என்னவோ கேட்கத்தான் தோன்றிற்று. மூன்று கேள்வி கேட்டாள். நீ குதிரையா என்றாள். குதிரை தலையை இடமும் வலமும் ஆட்டிற்று. மனுஷனா என்றாள், மேலும் கீழும் ஆட்டிற்று. காற்றன் செய்த வஞ்சனையா இது என்றாள். குதிரை தலையை ஆட்டவே இல்லை. கீழே தொங்கப்போட்டுக்கொண்டு, ரொம்ப நேரம் அப்படியே நின்றது.

இதென்ன புதுசு என்று வெயிலாள் யோசித்தாள். யோசித்துக்கொண்டே மடியிலிருந்து தேன்மெழுகை எடுத்துக் கையில் வைத்துப் பிசைந்தாள். பிசைந்து குதிரையிடம் நீட்டினாள். அது அழுத்திக் கடித்துக் கொடுத்தது.

உச்சிவேளை. மைதானம் நிறைய ஜனம். மூன்றாவது கடிவாளம் எங்கே என்று கேட்டார் மகரபூபதி. வெயிலாள் மெழுகை எடுத்து வைத்தாள். இது அந்தக் குதிரை கடித்தது என்றாள். இன்னொரு மெழுகை எல்லாரும் பார்க்கத் தானே கடித்துப் பக்கத்தில் வைத்தாள். மூன்றாவதை ராஜாவிடம் நீட்டினாள். தயவுபண்ணி மகாராஜாவும் ஒரு கடி கடிக்க வேண்டும் என்றாள்.

மந்திரி ஒருவர் பதறிப்போனார். ராஜாவைப் பார்த்துக் ‘கடி’ என்று சொல்வதற்கு எந்தச் சாஸ்திரத்தில் இடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. மகரபூபதிக்கோ இதற்குள் ஆவல் வந்துவிட்டது. வாங்கிக் கடித்தார். அவருக்கு இடது பக்கம் ஒரு பல் இல்லை என்கிற ராஜ்ய ரகசியம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. முன்வரிசையில் நின்ற மோர்க்காரி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஆனால் அந்த ஓட்டையை விட்டுவிட்டுப் பார்த்தால், மூன்று மெழுகும் ஒன்றுபோலவே இருந்தன. சிரிப்பு ஒவ்வொரு இடமாக அடங்கிற்று.

“இது மனுஷ வாய், மகாராஜா. இதுல எந்தக் கடிவாளமும் உட்காராது. உட்காரவும் கூடாது.”

எல்லார் கண்ணும் காற்றன் பக்கம் போயிற்று. அவனைப் பிடிக்கச் சொல்லி ராஜா கையை உயர்த்தினார். வெயிலாள் அதற்குள் அவன் முன்னால் போய் நின்றுவிட்டாள். காலையில் குதிரை ஏன் பதில் சொல்லவில்லை என்பது அவளைக் குடைந்துகொண்டே இருந்தது. நாலாவது மெழுகை நீட்டினாள்.

“உங்க வாயையும் ஒருதரம் கேட்டுப் பார்த்துடறேன், ஐயா.”

காற்றன் ஓடிவிடுவான் என்று காவலர்கள் ஈட்டியைத் திருப்பினார்கள். அவன் ஓடவில்லை. அவன் பிறந்ததிலிருந்து அவன் வாயை யாரும் கேட்டதில்லை. மெல்ல முகத்துணியை அவிழ்த்தான். வாயின் இரண்டு ஓரத்திலும் காய்த்துப்போன தழும்பு, சாட்டைவார் கனத்துக்கு. மெழுகைக் கடித்துக் கொடுத்தான். முன்னால் ஒரு வரிசைப் பல். உள்ளே அரைக்கிற பல். நடுவில், இரண்டு பக்கமும், வீடில்லாத தெரு. அந்தத் தெரு முழுக்க மேடும் பள்ளமுமாக ஆறிய புண்.

“நீதான் குதிரை” என்றாள் வெயிலாள்.

காற்றன் சொன்னான். செம்பு நிறக் குதிரையாக நிற்பவன் பெயர் தீர்த்தகிரி. ராஜாக்களின் ஓலையை ஊர் ஊராகக் கொண்டுபோகிறவன். அவனுக்கு எப்போதும் அவசரம். அந்த அவசரத்தை ஒன்பது வருஷம் முதுகில் சுமந்த குதிரைதான் காற்றன். அந்த முள் கடிவாளம் அவன் வாயில் கிடந்தது. ஒருநாள் காட்டுச் சுனையில், ரத்தம் ஒழுகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, சுனைக்கரையில் தவமிருந்த ஒரு முனி கண் விழித்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். நான் மனுஷனாக வேண்டும், அவன் குதிரையாக வேண்டும் என்று நினைத்தானாம். நினைத்தபடியே நடந்தது. நாக்கைக்கூட மாற்றிப்போட்ட முனி, உண்மை ஒதுங்கி நிற்க ஓர் இடம் வேண்டும் என்று பல்லையும் வாயின் தழும்பையும் மட்டும் அப்படியே விட்டுவிட்டார். தீர்த்தகிரியின் வாயில் கடிவாளம் உட்கார்ந்துவிட்டால் இந்த மாயம் என்றைக்கும் மாறாது. நீயே ‘போதும்’ என்று சொன்னால் அவிழ்ந்துவிடும் என்றும் சொன்னார்.

“நானே பூட்டியிருக்கலாம். ஏழு தடவை எடுத்தேன், ஏழு தடவையும் கை நடுங்கிற்று. அந்த இரும்பு எனக்குத் தெரியும். அதனால்தான் கை நடுங்காத ராஜா யாராவது இருக்கிறாரா என்று தேடிக்கொண்டு வந்தேன்.”

மகரபூபதி தலைகுனிந்து தன் கையைப் பார்த்தார்.

இப்போது போதும் என்று சொல்லிவிடேன் என்றார்கள் ஜனங்கள். காற்றன் அசையவில்லை. சொன்னால் நான் குதிரையாவேன், குதிரையானால் கடிவாளம் வரும், அவனில்லாவிட்டால் இன்னொருவன் என்றான். பிறகு வெயிலாளைத் திரும்பிப் பார்த்தான்.

“இரும்பு தெரிந்தவர் நீங்கள். எனக்குச் சரியான கடிவாளம் எது, அம்மா?”

வெயிலாள் இரண்டு விரலை அவன் வாய்க்குள் விட்டாள். தழும்பைத் தடவினாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நாக்கின் அடியில். ரொம்ப நேரம் கேட்டாள். பொய் சொல்லியிருக்கலாம், தடித்த இரும்பு, குளிர்ந்த செம்பு என்று எதையாவது சொல்லி மாயத்தை அவிழ்த்திருக்கலாம்.

“இல்லை” என்றாள். “இந்தப் புண்மேல எந்த இரும்பும் சரிப்படாது. தடிச்சதும் ஆகாது, செம்பும் ஆகாது. உனக்குச் சரியான கடிவாளம்னு ஒண்ணு கிடையாது. என் உலை இருக்கிற வரைக்கும் யாரும் உனக்கு அடிக்கமாட்டாங்க.”

பிறகு ராஜாவைப் பார்த்தாள். மகரபூபதி செம்பு நிறக் குதிரையைக் கடைசியாக ஒருதரம் பார்த்துக்கொண்டார். ஆசை போவது அவர் முகத்தில் தெரிந்தது, பல் பிடுங்குகிறவனிடம் உட்கார்ந்திருப்பவர் மாதிரி. ஆற்றங்கரைப் புல்வெளி காற்றனுடையது, அவன் வாயில் கயிற்றைக்கூட வைக்க யாருக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை என்று ஊரறியச் சொன்னார். முள் கடிவாளத்தை வெயிலாளிடம் கொடுத்து உருக்கச் சொன்னார்.

காற்றன் தீர்த்தகிரியின் பக்கத்தில் போய் நின்றான். கிழிந்த உதட்டைப் பார்த்தான்.

“போதும்” என்றான்.

மைதானத்துப் புழுதி ஒரே ஒருதரம் சுழன்று எழுந்தது. அடங்கியபோது நெட்டையாக ஒரு சாம்பல் நிறக் குதிரை நின்றுகொண்டிருந்தது. அதன் காலடியில் ஒரு மனுஷன் நாலு காலில் குனிந்து கிடந்தான். எழுந்திருக்கப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. மோர்க்காரிதான் ஓடிவந்து தூக்கி உட்காரவைத்து, ஒரு சொம்பு மோரை வாயில் ஊற்றினாள். உப்புப் பட்டு உதடு எரிந்தது. கத்தாமல் குடித்தான்.

என்ன வேண்டும் கேள் என்றார் ராஜா வெயிலாளை. இனிமேல் இந்த ராஜ்யத்தில் யாரும் எந்தக் குதிரைக்கும் கண்ணளவில் கடிவாளம் அடிக்கக் கூடாது என்றாள். அப்படியே சட்டமாயிற்று. லாயத்து முந்நூறு வாயையும் மறுபடி விரல் விட்டுப் பார்த்தாள். வயதாகி வாய் மாறியிருந்ததால் அறுபது கடிவாளத்தை உருக்கி அடிக்க வேண்டியிருந்தது. பதினோரு குதிரைக்கு அடிக்கவே வேண்டாம் என்று தீர்ப்பாயிற்று. அந்தப் பதினொன்றும் புல்வெளிக்குப் போயின. ஏழாற்றூரில் நல்லவர்களுக்கு நல்லது நடந்தது, குதிரைகளுக்குக்கூட.

தீர்த்தகிரி? அவன் ஓலை கொண்டுபோகிற வேலையை விட்டுவிட்டான். தினமும் விடியலில் ஊறவைத்த கொள்ளுப் பயற்றைப் பையில் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு நடந்தே போனான், அவசரப்படாமல். முதல் மாசம் காற்றன் அவனைக் கண்டதும் புல்வெளியின் மறுகோடிக்குப் போய்விடும். கொள்ளைக் கீழே கொட்டிவிட்டுத் திரும்பிவிடுவான். இரண்டாம் மாசம், அவன் முதுகு மறைந்தபிறகு வந்து தின்றது. மூன்றாம் மாசம், அவன் அங்கேயே நிற்கும்போதே வந்து தின்றது, ஒரு கண்ணை அவன்மேல் வைத்துக்கொண்டு.

கையிலிருந்து தின்றதா என்று கேட்கிறீர்கள். வெயிலாளும் அதைத்தான் தினம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அந்த ஊரைவிட்டுக் கிளம்பிய காலையில், அவன் கையை நீட்டிக்கொண்டு நின்றான். குதிரை எட்டு அடி தள்ளி நின்று யோசித்துக்கொண்டிருந்தது.