சொந்தக் கழுதை வாங்கிய அணில்

ஓடைக்கரை இலுப்பை மரத்தில் வஞ்சி என்ற அணில் தன் குட்டிகளோடு வாழ்ந்தது. இலந்தைத் தோப்பு இருந்ததோ அக்கரையில். தினமும் காலையில் ஓர் எருமை ஓடையைக் கடந்து மேயப் போகும். அதன் முதுகில் எலி, ஓணான், வஞ்சி எல்லோரும் ஏறிக்கொள்வார்கள். கூலி கிடையாது. எலி எருமையின் வாலில் சிக்கிய முள்ளை எடுக்கும், ஓணான் உண்ணி பொறுக்கும், வஞ்சி காது மடலைச் சொறிந்துவிடும்.

ஒருநாள் நரி வந்தது. "இன்னுமா இந்த நெரிசலில் தொங்கிக்கொண்டு போகிறாய்? உன் தகுதிக்குச் சொந்தமாக ஒரு கழுதை வேண்டாமா?" என்று கேட்டது.

அந்தச் சொல் வஞ்சியைத் தைத்தது. மழைக்காலத்துக்குச் சேர்த்திருந்த இலந்தை வற்றலில் பாதியை நரிக்குக் கொடுத்து ஒரு கழுதையை வாங்கியது. அவிழ்த்துவிட்டால் கண்டவனும் ஏறிக்கொள்வான், கட்டியே வை என்றது நரி. வஞ்சியும் கட்டிவைத்தது.

கட்டிப்போட்ட கழுதை தானாக மேயுமா? வஞ்சிதான் புல் சுமந்தது. தண்ணீர் சுமந்தது. குளம்பில் குத்திய முள்ளை எடுக்கக் குரங்கைக் கூப்பிட்டது. அதற்கும் வற்றல் போனது. கழுதைமேல் ஏறினால் தோப்புக்குச் சீக்கிரமே போய்விடலாம், உண்மைதான். ஆனால் பழம் பொறுக்க நேரமில்லை. புல்லுக்குத் திரும்ப ஓட வேண்டும். மேகம் கறுத்தது. பொந்தில் வற்றல் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. குட்டிகள் வெறும் பொந்தை முகர்ந்து பார்த்தன.

வஞ்சி நரியிடம் சண்டைக்குப் போனது. "இது இவ்வளவு தின்னும் என்று ஏன் சொல்லவில்லை?"

"நீ விலையைத்தானே கேட்டாய்," என்றது நரி.

வஞ்சி திரும்பி வந்ததும், கழுதை மெல்லச் சொன்னது: "கோபிக்காதே தாயி. நீ என்மேல் ஏறுவது கொஞ்ச நேரம். எனக்காக அலைவது நாள் முழுக்க. நம்மில் யாருக்கு யார் வாகனம்?"

வஞ்சி கழுதையின் அருகே போனது. கயிற்றைக் கடித்து அறுத்தது. கழுதை துள்ளிக்கொண்டு மேயப் போனது.

மறுநாள் காலை எருமையின் முன்னால் வஞ்சி தலைகுனிந்து நின்றது. "வாங்க மகாராணி, பல்லக்கு எங்கே?" என்றது ஓணான்.

"சும்மா இருடா," என்று எருமை அதட்டியது. "ஏறு வஞ்சி. நீ போனதிலிருந்து காதைச் சொறிய ஆளே இல்லை. உன் இடத்தில் யாரையும் உட்கார விடவில்லை."

வஞ்சி தாவி ஏறியது. அன்று அது காதைச் சொறிந்த சொறியில் எருமைக்குக் கண் சொக்கிப்போனது. தோப்பில் எலியும் ஓணானும் கூடவே பொறுக்கிக் கொடுத்தார்கள். முதல் மழை விழும்போது பொந்து நிறைந்திருந்தது. குட்டிகளுக்கு ஒவ்வொரு வற்றலாக ஊட்டும்போதும் வஞ்சி எருமைக்கு நன்றி சொன்னது.

ஒரு பொருளின் விலை வாங்கும் அன்றோடு முடிவதில்லை. வைத்துக் காப்பதையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பவரே, எல்லோரையும் சுமக்கும் முதுகின் அருமையை அறிவார்.