ஏட்டையாவின் வலது தோள்

இசக்கிமுத்துவுக்கு அறுபத்தோரு வயது. அவருடைய குருவுக்கு நாற்பத்து நான்கு.

குரு ஒரு பெண். மலையடிவாரத்து ஆசிரமத்தில் எல்லோரும் அவரை வடிவம்மை என்றார்கள். துறவுக்கு வருமுன் பன்னிரண்டு வருடம் ஓர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்த்தவர். இசக்கிமுத்து முப்பத்தைந்து வருடம் போலீசில் இருந்து ஏட்டாக ஓய்வு பெற்றவர். அதனால் குருவும் அவரை ஏட்டையா என்றே கூப்பிட்டார்.

சந்தேகப்படுவது அவருக்கு ஒரு காலத்தில் வேலையாக இருந்தது. பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. குழம்பில் உப்புக் கூடினால் சமைத்தவரின் முகத்தைப் பார்ப்பார். செருப்பு இடம் மாறியிருந்தால் அந்தப் பக்கம் யார் போனார்கள் என்று யோசிப்பார்.

தியான மண்டபத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வேலையை அவராகவே கேட்டு வாங்கினார். மூன்று வாரம் ஏணியில் நின்று, தலைக்கு மேல் கையை நீட்டி அடித்தார். நான்காவது வாரம் வலது தோள் வலிக்கத் தொடங்கியது. சட்டை மாட்டும்போது சுருக்கென்றது. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் குரு கவனித்துவிட்டார்.

"கையைப் பக்கவாட்டுல தூக்குங்க ஏட்டையா."

தூக்கினார். கொஞ்ச தூரம் சும்மா வந்தது. தோள் உயரத்தை நெருங்கும்போது பல்லைக் கடித்தார்.

"இன்னும் கொஞ்சம். அந்த இடத்தைத் தாண்டினா குறையும்."

தாண்டியதும் குறைந்தது. சொல்லிவைத்தாற்போல் குறைந்தது இசக்கிமுத்துவுக்குப் பிடிக்கவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

குரு இடது உள்ளங்கையைக் கூரைபோல் கவிழ்த்து, அதன் அடியில் வலது கைவிரல் ஒன்றை நுழைத்தார். மேலே இருப்பது எலும்பு, கீழே ஓடுவது தசைநார், நடுவில் இருப்பது ஒரு நூல் இடம் என்றார். கையைத் தூக்கித் தூக்கி வேலை செய்ததில் தசைநார் வீங்கி, அந்தச் சந்தில் மாட்டிக்கொண்டு நசுங்குகிறது. கூன் போட்டு உட்கார்ந்தால் சந்து இன்னும் குறுகும்.

செய்ய வேண்டியதையும் சொன்னார். தோளுக்கு மேல் கையைத் தூக்கும் வேலை கொஞ்ச காலம் வேண்டாம். அதற்காகக் கையைச் சும்மா போட்டுவிடவும் கூடாது. இடது பக்கம் படுத்து, வலது கைக்கு அடியில் ஒரு போர்வையை மடித்து வைக்க வேண்டும். தினமும் மூன்று வேளை, தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் சேர்த்து இழுத்து விட வேண்டும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, புறங்கையால் சுவரை மெல்லத் தள்ள வேண்டும். வலி கூடினால் நிறுத்திவிட வேண்டும். எதற்கும் டவுன் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வரச் சொன்னார்.

டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, எதுவும் கிழியவில்லை என்றார். பிறகு குரு சொன்னதையே சொன்னார். இரண்டு சாட்சிகள் ஒரே வார்த்தையைச் சொன்னால் முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள் என்பது இசக்கிமுத்துவின் அனுபவம்.

ஆசிரமத்துக்குத் திரும்பினால், ஏணியில் கோலப்பன் நின்றுகொண்டிருந்தார். கோலப்பன் ஐம்பத்தைந்து வயதுக்காரர், அடுக்களையைப் பார்த்துக்கொள்பவர், அதிகம் பேசாதவர். சுண்ணாம்பு வேலை இப்போது அவருக்குப் போயிருந்தது. இதற்குத்தான் இத்தனையுமா என்று இசக்கிமுத்து நினைத்தார். குரு சொன்ன எதையும் செய்யவில்லை. கையைத் துண்டால் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டார். பத்து நாள் கழித்து அவிழ்த்தபோது கை முன்னைவிட இறுகியிருந்தது. முதுகு தேய்க்கக்கூட எட்டவில்லை.

அந்த நாட்களில்தான் கோலப்பன் தலை வாருவதைக் கவனித்தார். கோலப்பன் சீப்பைத் தலைக்குக் கொண்டுபோகவில்லை. குனிந்து, தலையைச் சீப்புக்குக் கொண்டுவந்தார்.

இசக்கிமுத்துவுக்குப் பழைய சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்தது.

இருபத்தேழு வருடத்துக்கு முன்னால், பம்புசெட் மோட்டார் திருடியதாக ஒருவனைப் பிடித்து வந்திருந்தார்கள். கையைத் தூக்கச் சொன்னார் இசக்கிமுத்து. தூக்க வராது ஐயா, தோள் வலிக்குது என்றான் அவன். நடிக்கிறான் என்று இசக்கிமுத்துவுக்குத் தோன்றியது. பின்னால் போய் நின்று, அந்தக் கையைப் பிடித்து மேலே ஏற்றினார். அவன் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற ஜீப்பிலிருந்து டிரைவர் இறங்கி வந்தான். மூன்றாம் நாள் மோட்டார் வேறொருவன் வீட்டில் கிடைத்தது. இவனை அனுப்பிவிட்டார்கள். போகும்போது ஒரு கையாலேயே வேட்டியைக் கட்டிக்கொண்டு போனான்.

அவனுக்கு இப்போது கோலப்பனின் வயதுதான் இருக்கும்.

அதற்குப் பிறகு கோலப்பன் பரிமாறிய சோற்றை இசக்கிமுத்து முதலில் மோந்து பார்த்தார். வலிக்கு என்று அவர் நீட்டிய எண்ணெயை வாங்கவில்லை. நான்கு நாள் பொறுத்துப் பார்த்தார். ஐந்தாம் நாள் அடுக்களைக்குள் போய்க் கதவருகே நின்றுகொண்டார்.

"நீ எந்த ஊரு? உன் தோளுக்கு என்ன ஆச்சு?"

பழைய குரல் தானாக வந்தது. கோலப்பன் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. நாகர்கோவில் பக்கம் என்றார். தென்னை ஏறுகிறவராம். ஒரு நாளைக்கு நாற்பது மரம். தோள் பிடித்துக்கொண்டு, ஏறவே முடியாமல் போய்த்தான் இங்கே வந்தாராம். வடிவம்மை சொல்லிக்கொடுத்ததைச் செய்து எட்டு மாதத்தில் சரியாகிவிட்டதாம். குனிந்து வாரும் பழக்கம் மட்டும் போகவில்லை.

"போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கியா?"

"இல்லை அண்ணாச்சி. ஏன் கேக்கிய?"

இசக்கிமுத்து வெளியே வந்தார். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. கோலப்பனே அந்த ஆளாக இருந்திருந்தால் நல்லது என்று ஒரு கணம் தோன்றியது.

மறுநாள் சுவர் முன்னால் நின்று, புறங்கையால் தள்ளத் தொடங்கினார். கோலப்பன் வந்து முழங்கை விலகாமல் இருக்க இடையில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தார். இசக்கிமுத்து மூன்று வேளையும் செய்தார். கூன் போடாமல் உட்காரப் பழகினார். ஆறாவது வாரம் கை அந்த இடத்தைப் பாதி வலியோடு தாண்டியது. எட்டாவது வாரம் சட்டை மாட்டும்போது வலியே தெரியவில்லை.

அன்று காலை குருவிடம் போனார். முகம் சரியில்லை.

"வலி குறையுதும்மா."

"நல்லதுதானே."

"எப்படிக் குறையும்? நான் செஞ்சதுக்கு வந்த வலி இது. குறையுதுன்னா எனக்குச் சந்தேகமா இருக்கு."

பிறகு அந்த மோட்டார்க் கதையை முழுக்கச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்றார். குரு குறுக்கிடாமல் கேட்டார்.

"அந்தப் பாவம்தானே என் தோள்ல வந்து உட்கார்ந்துச்சு?"

"இல்லை. இது சுண்ணாம்பு அடிச்சதுல வந்தது."

இசக்கிமுத்து தரையைப் பார்த்தார்.

"இன்னும் ஒரு மாசம் விடாமச் செய்ங்க. தோள் சரியாயிரும்," என்றார் குரு.

"அப்போ அது?"

"அந்த ஆள் பேர் என்ன?"

"மறந்துட்டேன்மா. இருபத்தேழு வருஷம் ஆச்சு."

"ஊரு?"

ஊரின் பெயரைச் சட்டென்று சொன்னார். தெருவையும் சொன்னார். அந்தத் தெருவின் முனையில் ஒரு வேப்பமரமும் அடிகுழாயும் இருந்ததைச் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்தினார்.

குரு அவருடைய வலது கையைப் பிடித்து மெல்லப் பக்கவாட்டில் உயர்த்திப் பார்த்தார். கை நின்ற இடத்தில் நிறுத்தி, அதற்குமேல் ஏற்றாமல் இறக்கி விட்டார்.

"தெரு தெரிஞ்சா ஆளைத் தேடிப் பிடிக்கிறது உங்க வேலைதானே ஏட்டையா."