பூனை மிதித்துப் பார்த்த மெத்தை

அந்தக் காலத்தில் பூனைகளுக்குப் பேச்சு உண்டு, வீடு கிடையாது. வழியில் மனிதரைப் பார்த்தால் "மழை வருமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தம் போக்கில் போய்விடும். மனிதருக்கோ வீடு உண்டு, மெத்தை கிடையாது. வெறும் கோரைப்பாய்தான். மார்கழியில் மண் தரையின் குளிர் பாயைத் தாண்டி முதுகில் ஏறும்.

நொய்யல் கரையில் ஒரு தறிக்கார ஊர் இருந்தது. அங்கே செங்கோடன் என்ற நெசவாளியும் அவன் மனைவி சிலம்பாயியும் வாழ்ந்தார்கள். ஊர் முழுக்கத் துணி நெய்தாலும் ஒரு விஷயத்தில் எல்லோருக்கும் பயம். தறியிலிருந்து முழுதாக அறுத்து இறக்கியதுதான் துணி; அதற்குப் பிறகு கத்தி பட்ட எதற்கும் கோபம் உண்டு, அதன்மேல் மனிதர் படுத்தால் அந்தக் கோபம் உடம்பில் இறங்கும் என்று நம்பினார்கள். ஆகவே வியாபாரி கேட்ட அளவுக்கு மேல் நெய்து வெட்டியது, கரை மாறிப் போனது, சாயம் திட்டுத் திட்டாகப் பிடித்தது என்று மிஞ்சிய துண்டுகளையெல்லாம் ஊர் ஓரத்துக் கொட்டகையில் எறிந்துவிடுவார்கள். போகி அன்று மொத்தமாகக் கொளுத்திவிடுவார்கள்.

சிலம்பாயிக்குப் போன மார்கழியில் ஒரு பெண் குழந்தை பிறந்து, மூன்றாம் நாள் குளிரில் விறைத்துப் போனது. பாயில்தான் கிடத்தியிருந்தாள். தன் சேலையையெல்லாம் மேலே போர்த்தியும் கீழேயிருந்து ஏறிய குளிரை அவளால் தடுக்க முடியவில்லை. இப்போது மறுபடி நிறைமாதம். மறுபடி மார்கழி.

ஒரு காலையில் அவள் நேராகக் கொட்டகைக்குப் போனாள். உள்ளே துண்டுக் குவியலின் நடுவில் ஒரு பெண்பூனை நான்கு குட்டிகளோடு படுத்திருந்தது.

"இதிலயா படுத்திருக்கே? கத்தி பட்ட துணியாச்சே!" என்றாள் சிலம்பாயி.

"எனக்கென்ன தெரியும்? கதகதப்பா இருக்கு. நாலும் பொழைச்சுக் கிடக்குது" என்றது பூனை.

சிலம்பாயி குனிந்து குட்டிகளைப் பார்த்தாள். நான்கும் பால் குடித்த வயிற்றோடு மல்லாந்து தூங்கின. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"உன் மூலையை நான் தொட மாட்டேன். மத்ததுல கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோ தாயி. என்னைக் கேக்கறவ நீ ஒருத்திதான்."

அன்றே தொடங்கிவிட்டாள். நல்ல துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தாள். அரக்குக்குப் பக்கத்தில் மஞ்சள், அதற்குப் பக்கத்தில் மயில்கழுத்து நிறம், அடுத்து திட்டு விழுந்த ஒரு பச்சை. உதவாத கந்தலையும் அறுந்த நூலையும் உள்ளே அடைத்தாள். முதலில் வாசலுக்கு ஒரு திரை தைத்துத் தொங்கவிட்டாள். வாடைக்காற்று வெளியிலேயே நின்றது. பிறகு தறிக்குழி ஓரத்தில் செங்கோடன் உட்கார ஒரு திண்டு. அவன் முதலில் தயங்கினான். ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தான். மறுநாள் அதைத் தேடினான்.

கடைசியாகக் குழந்தைக்கு மெத்தை.

வந்து பார்த்த மருத்துவச்சி பாவாத்தாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "அடி சிலம்பாயி, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? உசுரை இதிலயா போடப் போறே?"

"பாயில போட்டுத்தானே போன உசுரைத் தொலைச்சேன் அக்கா?"

பாவாத்தாள் மெத்தையைத் தொடாமல் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

மெத்தையின் கடைசி ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தபோது சிலம்பாயிக்கு வலி கண்டது. அதுவும் சாதாரண வலியில்லை. இடுப்பை முறுக்கிப் போட்டது. கையில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்தாள். செங்கோடன் ஓடிப் போய்ப் பாவாத்தாளை அழைத்து வந்தான். வெளியே விடியலில் தொடங்கிய தூறல் நின்றபாடில்லை. உச்சிப்பொழுதுக்கு ஆண் குழந்தை பிறந்தது.

பிறந்தது, ஆனால் சரியாக அழவில்லை. ஒரு முனகல், அவ்வளவுதான். உதடு நீலம் பாரித்திருந்தது. பாவாத்தாள் துடைத்தாள், உள்ளங்காலைத் தேய்த்தாள், மார்போடு அணைத்தாள். நனைந்த சேலையோடு ஓடி வந்த அவள் உடம்பிலேயே சூடு இல்லை; பெற்றவள் உடம்பும் சில்லிட்டுக் கிடந்தது. செங்கோடன் பொறுக்கமாட்டாமல் மெத்தையை விரித்தான்.

"இங்க கொடுங்க அக்கா. கோபம் வந்தா என்மேல வரட்டும்."

பாவாத்தாள் ஒரு கணம் யோசித்துவிட்டுக் குழந்தையோடு குனிந்தாள். அந்த நேரத்தில் படுத்திருந்த சிலம்பாயி கத்தினாள்.

"வேண்டாம்! ஊசி! ஊசியை எங்க வச்சேன்னு தெரியலைங்க!"

செங்கோடன் சுவரில் செருகியிருந்த ஊசிப்பையைப் பார்த்தான். காலி. தரையைத் துழாவினான். திரையை உதறினான். எங்கும் இல்லை. தைத்தவளுக்கு இப்போது நன்றாக ஞாபகம் வந்தது. வலி வந்தபோது ஊசி துணிக்குள்தான் இருந்தது. விரல் நீள இரும்பு ஊசி. செங்கோடன் மெத்தையை மடித்துப் பார்த்தான், தடவிப் பார்த்தான். கடைசித் தையலில் நூல் அறுந்திருந்தது; அடைத்த கந்தல் ஒரு சாண் கனம். கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

"பாத்தியா? அந்தக் கோபம்தான் ஊசியா உள்ள உக்காந்திருக்குது" என்று பாவாத்தாள் குழந்தையோடு பின்வாங்கினாள். "வெளிய கொண்டுபோய்ப் போடப்பா."

பிரித்துத் தேடினால் பொழுது சாய்ந்துவிடும். குழந்தையின் முனகல் குறைந்துகொண்டே வந்தது. சிலம்பாயி எழுந்திருக்க முயன்று முடியாமல் விழுந்தாள். போன வருடத்து மூன்றாம் நாள் அவள் கண்முன் வந்து நின்றது.

அப்போது திரை அசைந்தது. கொட்டகைப் பூனை உள்ளே வந்தது. ஒரு வீட்டு வாசற்படியைப் பூனை தாண்டியது அதுதான் முதல் தடவை.

"உன் சத்தம் கொட்டகை வரைக்கும் கேட்டுச்சு. என்ன ஆச்சு?"

சிலம்பாயி அழுதுகொண்டே சொன்னாள்.

"இதுக்கா? மண்ணுக்கு அடியில எலி மூச்சு விட்டாலே என் உள்ளங்காலுக்குத் தெரிஞ்சிடும். நகருங்க" என்றது பூனை.

மெத்தையின் தலைமாட்டில் ஏறி நின்றது. இடது முன்காலை வைத்து அமுக்கியது. எடுத்தது. வலது காலை வைத்து அமுக்கியது. விரல்களை விரித்து, நகத்தை மெதுவாக இறக்கி, மறுபடி எடுத்தது. இடது, வலது, இடது, வலது. மஞ்சள் துண்டைத் தாண்டியது. மயில்கழுத்தைத் தாண்டியது. பச்சைத் துண்டில் வலது காலை அமுக்கியதும் "ச்சீ!" என்று காலை உதறிக்கொண்டது. பஞ்சு போன்ற அந்தப் பாதத்தில் ஒரு பொட்டு ரத்தம்.

"இங்கதான்."

செங்கோடன் தையலைப் பிரித்து விரலை விட்டான். ஊசி அறுந்த நூலோடு வெளியே வந்தது. உடைந்திருக்கவில்லை, முழு ஊசி.

"இரு, மிச்சத்தையும் பாத்துடறேன்" என்று பூனை கால்மாடு வரை அதேபோல் அமுக்கிக்கொண்டே போனது. பிறகு நடுவில் வந்து, ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது. "ஒண்ணும் இல்ல. என் வயித்துப் பக்கமா வைங்க புள்ளையை. இடம் சூடாயிடுச்சு."

பாவாத்தாள் சிலம்பாயியைப் பார்த்தாள். சிலம்பாயி தலையசைத்தாள். குழந்தையைப் பூனையின் வயிற்றோரம் கிடத்தினார்கள். பூனையின் தொண்டைக்குள் 'குர்ர்' என்று ஒரு சத்தம் புறப்பட்டது. அந்த அதிர்வு மெத்தை முழுக்கப் பரவியது. கொஞ்ச நேரத்தில் குழந்தையின் உதட்டில் நீலம் கரைந்தது. கை ஒன்று மடங்கியது. பிறகு வாயைத் திறந்து, தறிச்சத்தத்தையே அமுக்கும் அளவுக்கு வீறிட்டு அழுதது.

அந்த அழுகையைக் கேட்டதும் சிலம்பாயி சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியாது. செங்கோடன் தன் திண்டில் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தான். பாவாத்தாளும் எதன்மேல் உட்காருகிறோம் என்று பார்க்காமல் மெத்தை ஓரத்திலேயே உட்கார்ந்தாள். சற்றுக் கழித்துத்தான் கவனித்தாள். எழுந்திருக்கவில்லை.

"மெத்துன்னுதான் இருக்குது" என்றாள்.

மூன்றாம் நாள் வந்தது, போனது. குழந்தை பால் குடித்துத் தூங்கியது. அந்த வருடம் போகிக்குக் கொளுத்தக் கொட்டகையில் ஒரு துண்டும் மிஞ்சவில்லை. முதலில் வந்து கேட்டு வாங்கிப் போனவள் பாவாத்தாள்தான். திரை, திண்டு, போர்வை, கால்மிதி என்று வீட்டுக்கு வீடு தைத்தார்கள்.

பூனைக்கும் குட்டிகளுக்கும் சிலம்பாயி வீட்டுக்குள்ளேயே இடம் கொடுத்தாள். "இனிமே இந்த ஊர்ல யார் எதைத் தைச்சாலும் முதல்ல நீதான் மிதிச்சுப் பாத்துச் சொல்லணும்" என்றாள்.

"பாக்கறேன். ஆனா பாத்த இடத்துலயே ஒரு தூக்கம் போடுவேன். யாரும் எழுப்பக் கூடாது."

"எழுப்பலை தாயி, தூங்கு" என்று சிலம்பாயி வாக்குக் கொடுத்தாள்.

பூனைகளின் பேச்சு பிறகு எப்போதோ நின்றுபோனது. கொடுத்த வாக்கு மட்டும் தவறவில்லை. அன்றிலிருந்துதான் புதிதாக எதை விரித்தாலும் நமக்கு முன்னால் பூனை வந்து ஏறி, முன்கால்களை மாற்றி மாற்றி அமுக்கி, ஊசி இல்லை என்று உறுதியான பிறகு நட்டநடுவில் சுருண்டு படுத்துக்கொள்கிறது.